கனமுள்ள மா

சங்குமுனையில் ஆவணி வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், கப்பலில் வேலை பார்க்கும் ரெமிஜியுஸ், பெரு நாட்டில் தான் கட்டிய பெண்ணை வாடகைக் காரிலிருந்து கைபிடித்து இறக்கினான். அவள் வாசலில் கூடியிருந்த சனங்களை ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்து, "புவேநஸ் தார்தெஸ்" என்று வாய்திறந்து சொன்னாள். சொன்னது காற்றோடு போகவில்லை. 'புவே' ஒன்று, 'நஸ்' ஒன்று, 'தார்' ஒன்று, 'தெஸ்' ஒன்று என்று நாலு சில்லாகப் பிரிந்து அவள் காலடியில் பொத்துப் பொத்தென்று விழுந்தது.

சிப்பி நிறத்தில், பெருவிரல் நகத்தளவில், கடல் தேய்த்துத் தேய்த்துக் கரைக்குத் தள்ளியதுபோல வழவழவென்று இருந்தன அந்தச் சில்லுகள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. ரெண்டு சமுத்திரம் தாண்டி வந்த பேச்சு, அலுப்பில் உடைந்து விழுகிறது, அதற்கென்ன செய்வது என்பதுபோல நின்றார்கள். அடுத்த வீட்டு ஜெசிந்தா மட்டும், "யாராச்சும் பெறக்குங்களேன், மிதிச்சுக் காலக் கிழிச்சிக்கிடப் போறிய" என்றாள்.

குனிந்து பொறுக்கியவள் தெக்லா. ரெமிஜியுஸின் அக்கா, நாற்பத்துமூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அம்மா கண்மூடியபோது பத்து வயதாக இருந்த தம்பியைத் தன் கைச்சோறு போட்டு வளர்த்து, கப்பலேற்றி, அவன் கல்யாணத்தை மட்டும் கைபேசியில் ஒரு போட்டோவாகப் பார்த்தவள். மீன் ஏலக்கூடத்தில் எடை போடுவது அவள் வேலை. தராசில் வைக்குமுன்னே கூடையை ஒரு தூக்குத் தூக்கி இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று சொல்வாள், தராசு அதைத்தான் காட்டும். பேச்சு அவளுக்குக் குறைவு. எடையைச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பேச வேண்டியதில் பாதி பேசியாகிவிட்டது என்று நினைக்கிறவள்.

பழக்கதோஷத்தில் நாலு சில்லையும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இதுலயும் இதுலயும் கனம் சாஸ்தி. மத்தது ரெண்டும் ஒண்ணுமில்ல, பொரி மாதிரி இருக்கு" என்றாள்.

"அவ பாஷை அப்படித்தாங்க்கா" என்றான் தம்பி. "ஒரு வார்த்தைக்கு ஒரு எடத்துலதான் அழுத்தம். அது எடம் மாறிப்போச்சுன்னா வார்த்தையே வேறயாயிரும்."

தெக்லா நாலையும் விழுந்த வரிசைப்படி உள்ளங்கையில் அடுக்கினாள். கனமானவை தங்கள் இடத்தில் அழுந்தி உட்கார்ந்ததும், வெதுவெதுவென்று ஏதோ ஒன்று மணிக்கட்டு வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்து, மத்தியான வணக்கம் சொல்கிறாள் என்று விளங்கியது. "சரி, உள்ள வரச் சொல்லு, சோறு ஆறுது" என்றாள்.

வந்தவள் பெயர் மிலாக்ரோஸ். இருபத்தாறு வயது. அவளும் மீன்வாடைக்குப் பிறந்தவள்தான். அவள் ஊரில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை செய்தவள். ரெமிஜியுஸின் கப்பல் அங்கே பழுதுபார்க்க ஐந்து மாதம் நின்றபோது கண்டு, பேசி, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். வயிற்றில் மூன்று மாதம். ஒரு நிமிஷம் வாய் மூடமாட்டாள். அடுப்போடு பேசுவாள், கோழியோடு பேசுவாள், கிணற்று வாளியோடு பேசுவாள், தன் வயிற்றைத் தடவித் தடவி அதனோடும் பேசுவாள். அவள் பேசப் பேச அடுக்களையிலும் முற்றத்திலும் சில்லுகள் குவிந்து, காலை ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் பெருக்கி ஓலைப்பெட்டியில் அள்ள வேண்டியதாயிற்று. தெக்லா அதையும் எடை போட்டாள். ஒரு நாள் பேச்சு ரெண்டு கிலோவுக்குக் குறையாது.

தெக்லாவை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். தெக்கையும் லாவையும் தனியாகப் பிரித்து, 'லா'வை இழுத்துக் கூப்பிடுகிற ஊரில், அவள் வாயிலிருந்து 'தே' என்று கனமாக ஒன்றும், 'க்ல' என்று பிரியாமல் ஒட்டிக்கொண்டு லேசாக ஒன்றும் விழுந்தது. அதை முதல் தரம் கையில் எடுத்த தெக்லா, இத்தனை வருஷமும் தன் பெயரின் கனத்தை இந்த ஊரார் தப்பான இடத்தில் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டாள்.

கடல்வேலைக்காரனுக்கு விடுப்பு நீளாது. இருபத்தைந்தாம் நாள் ரெமிஜியுஸ் கப்பலேறினான். வீட்டில் ரெண்டு பெண்களும், அவர்களுக்கு நடுவே பெட்டி பெட்டியாகச் சில்லுகளும் மிஞ்சின.

ஒரு நாள் மிலாக்ரோஸ் முற்றத்தில் நின்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். தெக்லா ஏலக்கூடத்தில் இருந்ததால் ஜெசிந்தா போய்ச் சில்லுகளைப் பொறுக்கினாள். ரெண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. காதில் வைத்துக் கேட்டாள். சங்கை வைத்தால் கேட்பதுபோல ஒவ்வொரு சில்லும் தன் ஓசையை முணுமுணுக்கும். ஒன்று 'பா' என்றது, இன்னொன்று 'ப' என்றது. எது முன்னால் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்று அவள் கவனிக்கவில்லை. லேசானதை முன்னால் வைத்துக் கனமானதைப் பின்னால் வைத்தாள். 'பபா' என்று கை லேசாகச் சுட்டது, அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டாள். அப்பா.

"அய்யோ, அப்பனத் தேடுதாளே இந்தப் புள்ள!" என்று ஜெசிந்தா மாரில் கைவைத்தாள். அரைமணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. கர்ப்பிணிப் பெண், தாய் தகப்பனைப் பிரிந்து கண்காணாத தேசத்தில் கிடக்கிறாள் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள், ஒருத்தி தலையைத் தடவினாள், ஒருத்தி செத்துப்போன தன் அப்பாவை நினைத்து அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். மிலாக்ரோஸுக்கும் எதற்கென்று தெரியாமலே கண் கலங்கியது. ஏலக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த தெக்லா, சில்லுகளை வாங்கி இடம் மாற்றி வைத்தாள். கனமானது முன்னால். லேசானது பின்னால்.

"உருளக்கெழங்கு கேக்கா" என்றாள்.

அழுதுகொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரிப்பில் சரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு வந்தது. பொரித்தது, மசித்தது, கருவாடு போட்டுக் குழம்பு வைத்தது. மிலாக்ரோஸ் எல்லாவற்றையும் தின்றாள்.

அதற்குப் பிறகு ஊர் கனத்தை மதிக்கக் கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கும் மோனிக்கா டீச்சர் ஒரு பெட்டிச் சில்லை வாங்கிப்போய் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை அடுக்கிப் பார்த்துவிட்டு, ஏலக்கூடத்துக் கரும்பலகையில், அன்றைய வஞ்சிர விலைக்குக் கீழே, சாக்கட்டியால் எழுதிப் போட்டார்: வார்த்தை உயிரெழுத்திலோ, ன் என்றோ, ஸ் என்றோ முடிந்தால் கடைசிக்கு முந்தின சில்லில் கனம் இருக்கும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசிச் சில்லில் இருக்கும். இந்தச் சட்டத்தை மீறிக் கனம் ஏறின சில்லின் தலையில் மட்டும் ஒரு கீற்று விழுந்திருக்கும். கனமான சில்லு நம் காதுக்கு நெடிலாகவும் லேசானது குறிலாகவும் கேட்கும்.

"கீத்து எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான் ஏலக்காரர் கஸ்பாரின் மருமகன்.

"சட்டத்த மீறுனவன் நெத்தியில அடையாளம் வேணும்லா" என்றார் டீச்சர்.

சில்லுக்கு ஊரில் ஆயிரம் உபயோகம் கண்டுபிடித்தார்கள். கனமானவற்றைக் கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்தார்கள், கருவாடு காயப்போட்ட வலைத்துணியின் நாலு மூலையிலும் வைத்தார்கள், கோயில் பீடத்துணி கடற்காற்றில் பறக்காமல் இருக்க உபதேசியார் எட்டு சில்லு வாங்கிப்போனார். பிள்ளைகள் பாண்டி ஆட எடுத்துப்போனார்கள். லேசானது கோட்டைத் தாண்டிப் பறந்துவிடும் என்று கனமானதாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். கடலுக்கு மட்டும் எடுத்துப்போக முடியாது. உப்புத்தண்ணீர் பட்டால் சில்லு கற்கண்டுபோலக் கரைந்துவிடும்.

ஜெசிந்தாவும் அவள் தங்கச்சியும் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒரு நாள் மிலாக்ரோஸின் கையிலிருந்து தண்ணீர்க்குடம் நழுவி ஜெசிந்தாவின் காலை நனைத்தபோது, அவள் பதறி, "பெர்தோன்" என்றாள். ரெண்டு சில்லு, ரெண்டாவது கனம், தலையில் கீற்று. ஜெசிந்தா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து தங்கச்சி வீட்டு வாசல்படியில் ரெண்டையும் வரிசை மாறாமல் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாள். மன்னிச்சிரு என்கிற சொல் தமிழில் அவள் தொண்டையில் ஆறு வருஷம் முள்ளாய்க் கிடந்தது. இந்தச் சொல்லுக்குத் தொண்டை வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் தங்கச்சி ஒரு தூக்குச்சட்டியில் நண்டு ரசம் கொண்டுவந்தாள்.

அதற்கப்புறம் வாரத்துக்கு நாலு பேராவது வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "யம்மா, ஒரு பெர்தோன் சொல்லேன்" என்று நிற்பார்கள். மிலாக்ரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள்.

தெக்லாவிடம் மட்டும் ஒரு வார்த்தை இருந்தது, யாரிடமும் காட்டாதது. ஐப்பசியில் கோயில் கொடியேற்றத்துக்கு அவள் நீலப்புடவை கட்டிக்கொண்டு வந்தபோது, மிலாக்ரோஸ் தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்தி, "எர்மோஸ" என்றாள். எர், மோ, ஸ. தெக்லா பொறுக்கிக் கையில் வைத்தாள். அழகாயிருக்கிறாய். அவளை அப்படி யாரும் சொன்னதில்லை, சொல்லவேண்டும் என்று அவள் எதிர்பார்த்ததுமில்லை. மூன்று சில்லையும் ஊசிநூல் டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

கார்த்திகையில் ரெமிஜியுஸின் அழைப்பு நின்றுபோனது. வாரம் தவறாமல் வருகிற குரல் ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. கம்பெனியில் கேட்டால், என்ஜின் கோளாறு, ஏதோ துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆட்களை இறங்கவிடவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று மூன்றாம் தரம் கேட்டபோது தெக்லாவுக்குப் பயம் வந்தது.

மிலாக்ரோஸின் பேச்சு குறைந்தது. தெக்லா பெருக்கி அள்ளி எடை போட்டாள். ரெண்டு கிலோவாக இருந்தது ஒன்றாயிற்று. பிறகு முந்நூறு கிராம். பிறகு ஒரு கைப்பிடி. மார்கழி பாதியில் ஒரு நாள் முற்றத்தைப் பெருக்கினால் வேப்பஞ்சருகு மட்டும்தான் வந்தது. தெக்லா துடைப்பத்தைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் மிலாக்ரோஸ் வாய்திறந்தது ஒரே ஒரு தரம். கடற்கரையில் நின்று தன் ஊரிலிருக்கும் அக்காவோடு கைபேசியில் பேசினாள். பேசுகிறவளின் வாயிலிருந்து உதிர்ந்தவை ஈரமணலில் விழுந்து அலையோடு கரைந்துகொண்டிருந்தன. பின்னால் நின்ற தெக்லா ஓடிப்போய் ஒரு வார்த்தையை மட்டும் அலைக்கு முந்திப் பிடித்தாள். எர், மா, ன. கையில் அடுக்கியதும் விளங்கியது: சகோதரி. உடன்பிறந்தவள். மறு அலை அவள் விரலிடுக்கில் புகுந்து மூன்றையும் கரைத்துக்கொண்டு போயிற்று.

தை பிறந்ததும் அந்த அக்கா விமான டிக்கெட் அனுப்பினாள். வயிறு இன்னும் பெரிதாகிவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், தாய்வீட்டில் வந்து பெற்றுக்கொள் என்றாள். வியாழக்கிழமை காலையில் கார் வரும். மிலாக்ரோஸ் டிக்கெட்டைக் கைபேசியில் காட்டியபோது தெக்லா தலையை ஆட்டினாள். தடுக்கத் தனக்கு என்ன உரிமை? தாய் பெற்ற பெண் தாயிடம் போகிறாள். நியாயம்தான். முறுக்குச் சுட்டு, கருவாட்டை ரெண்டு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அவள் துணிமணிகளை மடித்து வைத்தாள். ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்ப மனம் ஒப்பவில்லை. தமிழில் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அது காற்று. சொல்லத்தான் தெக்லாவுக்கு வருமா? நீ எனக்கு இன்னார் என்று ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது சங்குமுனையில் வழக்கத்தில் இல்லாதது.

செவ்வாய்க்கிழமை ஊசிநூல் டப்பாவைத் திறந்தாள். கடற்கரையில் கரைந்துபோன 'எர்மான'வை மறுபடி கூட்ட, எர்மோஸவிலிருந்து 'எர்' ஒன்றை எடுத்தாள். அதை எடுத்துவிட்டால் மீதி ரெண்டும் அர்த்தமில்லாமல் கிடக்கும், தன்னை ஒருத்தி அழகி என்று சொன்னதற்கு அத்தாட்சி அத்தோடு போய்விடும் என்று தெரிந்துதான் எடுத்தாள். 'ன' பெட்டி பெட்டியாக இருந்தது. நாளைக்கு என்பதற்கு மிலாக்ரோஸ் 'மஞான' என்று தினம் நூறு தரம் சொன்னவள். வேண்டியது நடுச்சில்லு. கனமுள்ள ஒரு மா.

பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினாள். மஞானவின் 'ம' கிடைத்தது, லேசு. படுக்கையைச் சொல்லும் 'காம'வின் 'ம' கிடைத்தது, அதுவும் லேசு. கனமானவற்றையெல்லாம் ஊர் அள்ளிக்கொண்டு போயிருந்தது. லேசான 'ம'வை நடுவில் வைத்துப் பார்த்தாள். கை சில்லென்று கிடந்தது, ஒன்றும் ஏறவில்லை.

எட்டிப் பார்த்த ஜெசிந்தா, "என்னக்கா, பெட்டியெல்லாம் கவுத்துப் போட்ருக்கிய?" என்றாள்.

தெக்லா சொல்ல விரும்பவில்லை. ஆனால் சொன்னாள். "ஒரு மா வேணும். கனமா. நாளைக்குள்ள."

ஜெசிந்தாவிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் ஏலக்கூடத்தில் மீன்கூடைக்குப் பதிலாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு மா, அல்லது கனமான மா என்று நம்பின ஏதோ ஒன்று. கதவுக்கு முட்டுக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கருவாட்டுத் துணிமேலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். பாண்டிக் கட்டத்தில் கிடந்ததைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். உபதேசியார் பீடத்துணியை அவிழ்த்துவிட்டு எட்டு சில்லோடு வந்து நின்றார், அதில் ஒன்றுகூட மா இல்லை என்று தெரிந்தும். இறால் நிறுக்கிற சின்னத் தராசை எடுத்து வைத்து தெக்லா ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"குறில்."

"இதுவும் குறில்."

"இது 'மர்'. மா இல்ல."

ஜெசிந்தாவின் தங்கச்சி ஒன்றைக் கொண்டுவந்தாள். தராசுத்தட்டு நங்கென்று இறங்கியது. கூட்டம் ஹோவென்றது. மோனிக்கா டீச்சர் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "கீத்து இருக்கும்மா. இது 'மமா'வோட கடைசி மா. அம்மாவச் சொன்னது. நம்ம வார்த்தையில நடுச்சில்லு சட்டத்துக்கு அடங்குனது, அதுக்குக் கீத்து கூடாது." தெக்லா அதை வைத்தும் பார்த்தாள். கை லேசாகச் சுட்டது, ஆனால் வார்த்தை கூடவில்லை; அம்மாவின் இடத்தை எடுத்துத் தங்கச்சியின் நடுவில் பொருத்த முடியவில்லை.

அறுபத்தோரு மா நிறுத்தாகிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. கூட்டம் கலைந்தது. தெக்லா தராசைத் துடைத்து வைத்தாள். அப்போது, இத்தனை நேரமும் தூணோரம் நின்றிருந்த ஏலக்காரர் கஸ்பார் கிட்டே வந்தார். நாலு ஊருக்குக் கேட்கிறமாதிரி ஏலம் கூவுகிற மனுஷன். மூன்று வருஷத்துக்கு முன் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ரெண்டு சில்லு.

"கெளுத்தி முள்ளு எங் கையில ஏறிச்சில்ல, அன்னைக்கு" என்றார். குரல் அவருக்கே கேட்காதபடி தாழ்ந்திருந்தது. "அந்தப் புள்ளதான் எம் கையப் புடிச்சி முள்ள எடுத்துச்சு. 'மாநொ, மாநொ'ன்னு சொல்லிச்சு. கைன்னு அர்த்தமாம். எம் பொண்டாட்டி போனதுக்கப்புறம் எம் கைய யாரும் புடிச்சதில்ல தெக்லா. அதான் பைல வச்சிருந்தேன்."

தெக்லா கையை நீட்டவில்லை. "வேண்டாம் அண்ணே. அது ஒங்களுது" என்றாள்.

"நீ நிறுத்துப் பாரு."

தராசில் போடவேண்டிய தேவையே இல்லை. கையில் விழுந்ததும் தெரிந்தது. கீற்றில்லாத, கனமுள்ள மா.

"மாவ எடுத்துக்க" என்றார் கஸ்பார். மிஞ்சின சில்லைக் கைக்குட்டையில் முடிந்தார். "'நொ' எங்கிட்ட இருக்கட்டும். லேசுதான். ஆனாலும் அதுவும் அந்தப் புள்ள சொன்னதுதான்."

வியாழக்கிழமை கார் வந்தது. தெருவே வாசலில் நின்றது. பெட்டி ஏற்றியாயிற்று, கருவாட்டுப் பை ஏற்றியாயிற்று, ஜெசிந்தா ஒரு வாழைப்பூ வடைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் திணித்தாயிற்று. மிலாக்ரோஸ் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள், வாய் திறக்கவில்லை. தெக்லாவிடம் வந்தாள். தெக்லா அவள் வலதுகையைப் பிடித்து விரித்தாள். முதலில் எர். பிறகு மா. பிறகு ன.  மாவை வைக்கும்போது அது ஒரு ஓரம் சாய்ந்தது, ஒற்றை விரலால் நேராக்கி வைத்தாள்.

மிலாக்ரோஸ் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது சூடேறுவது முகத்தில் தெரிந்தது. விரல்களை மூடிக்கொண்டாள். மூடிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள், கார்க்காரன் ஹாரன் அடித்தான், யாரோ அவனை அதட்டினார்கள். கடற்கரைப் பேச்சுக்குப் பிறகு பூட்டிக் கிடந்த வாய் திறந்து, ஒரே ஒரு சில்லு தெக்லாவின் கையில் விழுந்தது.

"வென்."

ஒற்றைச் சில்லு வார்த்தை. எங்கே கனம் என்று தேடவேண்டியதில்லை, முழுக்கக் கனம். தமிழிலும் அது ஒற்றை எழுத்துத்தான். வா.

தெக்லா திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாரையோ சொல்கிறாளோ என்று. "எங்க? நானா?" என்றாள்.

"ஒங்களத்தாங்க்கா கூப்பிடுதா" என்றாள் ஜெசிந்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எங்கிட்ட பாஸ்போர்ட்டே இல்லையே."

"எடுத்தா வருது."

கார் போய்விட்டது. திருநெல்வேலிக்கு அப்பால் போயிராத தெக்லா, அந்தச் சில்லைத் தாலியில்லாத தன் கழுத்துச் சங்கிலியில் சின்னத் துணிப்பையில் முடிந்து கட்டிக்கொண்டு, மறுநாள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனாள். "எடை யாரு போடுவா?" என்று கஸ்பார் கேட்டதற்கு, "ஜெசிந்தா தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். கை நல்ல கை" என்றாள்.

மாசி மாதம் ரெமிஜியுஸின் குரல் வந்தது. கப்பலை விட்டுவிட்டார்கள், ஆளெல்லாம் சுகம், ஒரு தாடி மட்டும் வளர்ந்திருக்கிறது. அவன் அங்கிருந்தே பெண்டாட்டி ஊருக்குப் போனான். பங்குனியில் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த பத்தொன்பதாம் நாள், மூன்று விமானமும் ஒரு பஸ்ஸும் மாறி, கால் வீங்கி, தலை கலைந்து, கருவாட்டு வாசனையோடு தெக்லா போய்ச் சேர்ந்தாள்.

அந்த ஊரில் சொற்கள் விழவில்லை. மிலாக்ரோஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் பேசியபோது தெக்லா வழக்கம்போலக் கீழே பார்த்தாள். வெறும் சிமெண்டுத் தரை. அங்கே எல்லாருடைய பேச்சும் எல்லா ஊர்ப் பேச்சையும்போலக் காற்றோடு போயிற்று. முதல் ரெண்டு நாள் பொறுக்க ஒன்றுமில்லாமல் அவள் கைகள் தவித்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் கடலைப் பார்த்த வாசற்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மிலாக்ரோஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தே கேதஸ்?" என்று கேட்டாள். தெக்லா கண்ணை மூடிக் கேட்டாள். 'கே'யில் கனம் இறங்கியது. தரையில் விழாமலே, கையில் எடுக்காமலே, காதில் இறங்கியது. இங்கேயே இருப்பாயா என்கிறாள்.

"இருக்கேன். இவ குப்புற விழுந்து நீந்துத வரைக்கும் இருக்கேன்" என்றாள் தெக்லா தமிழில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. மிலாக்ரோஸ் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள். தோளில் சாய்ந்துகொண்டாள்.

எதிரே சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தெக்லா வாழ்நாளெல்லாம் அது கடலிலிருந்து ஏறித்தான் பார்த்திருக்கிறாள். பிள்ளையின் கழுத்துக்கடியில் கைகொடுத்து மெல்லத் தூக்கிப் பிடித்து, "பாத்தியாட்டி" என்றாள், "காலையில எங்க ஊர்ல எந்திரிக்கிறவன், படுக்க ஒங்க ஊருக்குத்தான் வாரான்."